நகம் வளர்த்த தேவசகாயம்

"நகம் போச்சி ஜாஸ்மின். தோல் ஊர்ல நகத்த வெச்சிக்கினு பொழைக்க முடியுமா?"

காலையில காபி குடிக்கிறதுக்கு முன்னாடி தேவசகாயம் இதச் சொல்லியாவணும். சொல்லிக்கினே வலது கைய ஜன்னல் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாப்பாரு. பொண்டாட்டி ஜாஸ்மினுக்குக் கேட்டுக் கேட்டு மரத்துப் போச்சி. அவ ஆம்பூர்ல ஷூ கம்பெனியில தையல்ல இருக்கா. பாத்திரமும் அவதான், துணியும் அவதான், தேங்கா ஒடைக்கிறதும் அவதான். தொரை நகத்துக்கு ஒண்ணும் ஆவக் கூடாதே.

அவரு வாசிக்கிறது கிளாசிக்கல் கிதாரு. நைலான் கம்பி, மைக்கு கெடையாது, நகத்தாலதான் மீட்டணும். வாலிப வயசுல ஞாயித்துக்கெழமையானா ரயிலேறி பெங்களூரு போய்க் கத்துக்கினாரு. அப்ப அதே கம்பெனியில, முடிஞ்ச ஷூவச் சரிபாக்குற வேல. பளபளன்னு இருக்குற தோல்ல நகம் பட்டா கோடு வுழுந்துடும், ஜோடியே ரிஜெக்ட்டு. ஒருநாளு சூப்பர்வைசர் நகவெட்டிய மேஜை மேல வெச்சாரு. இவரு அத எடுக்கல, டிபன் பாக்ஸ எடுத்துக்கினு வேலய வுட்டு வந்துட்டாரு. ஜாஸ்மின ஒரு வார்த்த கேக்கணும்னு கூடத் தோணல.

அப்புறம் வூட்டு மாடி ரூம்ல கிதாரு கிளாஸு. வாஹித் பாஷான்னு ஒருத்தரு தன் பொண்ணு மெஹக்கக் கொண்டாந்து வுட்டு, ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு ஒரு சினிமா பாட்டு வந்தா போதும்னாரு. இவரு மாசக்கணக்கா வெரல் வைக்கவே சொல்லிக் குடுத்தாரு. பொண்ணு கீபோர்டு கிளாஸுக்குப் போய்ட்டா. வந்ததுங்க பாதி அப்படித்தான் போச்சிங்க.

அவருக்கு ஒரே ஆசை, சொந்த ஊரு ஒரு தடவ உக்காந்து தான் வாசிக்கிறதக் கேக்கணும். சர்ச் ஹாலக் கேட்டாரு. பாட்டுக்குழுவ நடத்துற இன்பராஜ், ஞாயித்துக்கெழம காலையில ஆராதனைக்கு நம்ம சர்ச் கிதார வாசிங்க, சாயந்தரம் ஹால் ஒங்களுதுன்னாரு. அது இரும்புக் கம்பி, நகத்த ஒடைச்சிடும். தேவசகாயம் முடியாதுன்னாரு. பேஜாராயி, ஜாஸ்மின்தான் வாசிப்பாருன்னு வாக்கு குடுத்துட்டா.

அந்த ஞாயிறு காலையில கம்பியத் தட்டுறதுக்குப் பிளாஸ்டிக் பிக்கு குடுத்தாங்க. இவரு கவுரவம் பாத்து வாங்கல. பாட்டு முடியறதுக்குள்ள ரெண்டு நகம் தெறிச்சிடுச்சி. மத்தியானம் ஜாஸ்மின் ஷூ ஒட்டுற சொல்யூஷன வெச்சி ஒட்டுனா. சாயந்தரம் ஹால்ல அதுவும் பிச்சிக்கினு வந்துடுச்சி. மிச்சத்த வெறும் சதையாலயே வாசிச்சாரு. மைக்கு வெக்கச் சொன்னதுக்கும் வேணான்னுட்டாரு. பின்னால பேச ஆரம்பிச்சாங்க, பிரியாணி தேக்சா மூடியத் தொறந்தாங்க, பாதி ஹாலு காலி.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டாரு, "கேட்டுச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். "எனக்குக் கேட்டுச்சி. மூணாவது வரிசைக்குக் கேக்கல," ன்னா.

மறுநாளு காலையில அவரு நேரா போய்ப் பாத்திரம் தேய்க்க உக்காந்தாரு. ஜாஸ்மின் நாரப் புடுங்கிட்டா.

"எழுந்திரிங்க. வளரட்டும்."

பாசமெல்லாம் இல்ல. இத்தினி வருஷம் அந்த நகத்துக்கு இவ ஒழைச்சது, ஊரு கறித்துண்டு தேடிக்கினு எழுந்து போறதுக்கா?

ஈஸ்டர் கழிச்சி அடுத்த ஞாயிறு சாயந்தரம், அதே ஹால்ல திரும்ப வாசிக்கிறாரு. காலையில எந்தப் பாட்டுக்கும் அவரு வரமாட்டாரு, இன்பராஜ் கிட்ட ஜாஸ்மினே சொல்லிட்டா. போய்ப் பாருங்க. மூணு வரிசைதான் சேர் போடுவாங்க, முன்னாடி உக்காருங்க. தேக்சா கெடையாது, வூட்லயே சாப்ட்டுட்டுப் போங்க.