சத்தமில்லாத கோடு

இதை எழுதி முடித்ததும் முதலில் என் கணவரிடம்தான் படிக்கக் கொடுத்தேன். "யார் பேரையும் போடாத" என்றார். அவ்வளவுதான். பொய் என்று சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. அன்று அந்தக் கதவை உடைத்தவர்களில் அவரும் ஒருவர்.

நடந்தது நடுராத்திரியில் இல்லை. பட்டப்பகல். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஆனால் அந்த அறைக்குள் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் கிடையாது.

நான் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பாளர். போன் எடுப்பேன், நேரம் குறிப்பேன், "கொஞ்சம் உக்காருங்க" என்பேன். வீட்டில் நான் பேசுவதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. கொடுமை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஃபேன் ஓடுகிற சத்தம் பழகிவிடுவது போல என் குரலும் அவர்களுக்குப் பழகிவிட்டது. நாற்பத்து மூன்று வயதில், கம்ப்யூட்டரில் இசை அமைக்கக் கற்றுத்தரும் வகுப்பில் போய்ச் சேர்ந்ததற்கு அதுதான் காரணம் என்று அப்போது எனக்கே தெரியாது.

"இந்த வயசுல டொம்மு டொம்முன்னு தட்டக் கத்துக்கணுமா?" என்றார் கணவர்.

"கத்துக்கட்டும்பா. ஹெட்போன் மாட்டிக்கிட்டா நமக்கு ஒண்ணும் கேக்காது" என்றாள் மகள்.

மேலே டயர் கடை, கீழே வகுப்பு. ஜன்னல் இல்லாத ஒரே கூடம், ஆறு கம்ப்யூட்டர்கள். என்னைத் தவிர எல்லோரும் என் மகள் வயது. கற்றுத்தருபவரை, அவர் இல்லாதபோது, தாடி என்பார்கள். என் பக்கம் திரும்பாமலேயே ஒரு மணி நேரம் பாடம் நடத்த அவரால் முடியும். தொப்பியைத் திருப்பிப் போட்ட பையன் ஒருவன் பக்கத்து இருக்கை. முதல் நாளே கேட்டான்: "ஆன்ட்டி, தூங்க வைக்கிற பாட்டா, ஆட வைக்கிற பாட்டா?"

முதல் வாரத்தில் தாடி ஒரு வித்தை காட்டினார்.

"சத்தமே இல்லாத இடம்னு ஒண்ணு கிடையாது" என்றார். காலியான கூடத்தைப் பதிவு செய்து, திரையில் ஓடிய கோட்டைப் பெரிதாக்கினார். அது சன்னமாக நடுங்கிக்கொண்டிருந்தது. "மைக் திறந்திருந்தா கோடு நடுங்கும். ஏசி, ட்யூப்லைட், உங்க மூச்சு, ஏதாவது ஒண்ணு அதுல விழும். செத்த கோடு வேணும்னா ஒரே வழிதான்."

என்னை மைக்கில் பேசச் சொன்னார். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றேன். என் குரல் மேடும் பள்ளமுமாகத் திரையில் ஓடியது. அதற்கு ஒரு நகல் எடுத்தார். நகலைத் தலைகீழாகக் கவிழ்த்தார். மேடு இருந்த இடத்தில் பள்ளம். பள்ளம் இருந்த இடத்தில் மேடு. இரண்டையும் சேர்த்து ஓடவிட்டார்.

ஒன்றும் கேட்கவில்லை. ஸ்கேல் வைத்து இழுத்தது போல ஒரு நேர்கோடு.

"ரெண்டும் முழு சத்தத்துலதான் ஓடுது. ஒண்ணை ஒண்ணு தின்னுடுச்சு."

"ஆன்ட்டி காலி" என்றான் தொப்பிக்காரன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, எனக்கு மட்டும் கேட்கும்படி "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லிப் பார்த்தேன்.

கடைசி சனிக்கிழமைக்குள் ஆளுக்கு மூன்று நிமிட இசை செய்து எல்லோர் முன்னாலும் ஒலிக்கவிட வேண்டும். செய்யாதவர்களுக்கு அடுத்த கட்டம் இல்லை. மற்றவர்கள் ஆயத்தமாகக் கிடைக்கும் தாளங்களை இறக்கிக்கொண்டார்கள். நான் என் குரலை மட்டும் வைத்துச் செய்வதென்று முடிவெடுத்தேன். "த" என்று சொல்லி வெட்டி, கீழே இறக்கினால் முரசு. "ஸ்" என்றால் சிம்பல், அந்த வெண்கலத் தட்டு. "ம்" என்பதை இழுத்து நீட்டினால் தரை அதிரும். என் வாழ்நாளில் யாரும் குறுக்கே பேச முடியாத மூன்று நிமிடம் அதுதான். அது எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

குரல் பதிவதற்குக் கூடத்தின் கோடியில் ஓர் அறை. அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிது. சுவர், கூரை, கதவின் உள்பக்கம் எல்லாம் கருப்பு ஸ்பாஞ்ச். தாழ்ப்பாள் மட்டும் பளபளவென்று புதிது. அதையொட்டி நிலைச்சட்டத்தில், முன்பு பெயர்ந்துபோன தாழ்ப்பாள்களின் ஆணித் துளைகள். இரண்டு வரிசை. துடைக்கிற பழக்கம் உள்ள கண்ணுக்கு அதெல்லாம் படும்.

முதல் தடவை, பதிவின் நடுவே ஒரு சொல் விழுங்கப்பட்டிருந்தது. முன்னும் பின்னும் என் குரல். நடுவில் நேர்கோடு.

"கேபிள் லூஸா இருக்கும்" என்றார் தாடி, திரும்பாமல்.

கேபிளை மாற்றினேன். அடுத்த வாரம் ஒரு வரியே இல்லை.

கற்றுக்குட்டி நான். ஏதோ பொத்தானைத் தவறாக அழுத்தியிருப்பேன் என்று நினைத்தேன். எனக்கு எது நடந்தாலும் முதலில் அப்படித்தான் நினைப்பேன்.

பிறகு மருத்துவமனையில் போன் எடுத்தால் எதிர்முனையில், "ஹலோ... ஹலோ... யாருமே பேச மாட்டேங்கறாங்க" என்று வைத்துவிட்டார்கள். நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன். டாக்டர் கூப்பிட்டுக் கேட்டார், "என்னம்மா, போனை எடுத்துட்டு வாயை மூடிட்டு இருக்கியாமே?" கடையில் மூன்று முறை கேட்டும் கடைக்காரர் என்னைத் தாண்டி அடுத்தவரைப் பார்த்தார். வீட்டில் எப்போதிலிருந்து என்று என்னால் சொல்ல முடியாது. அங்கே கூப்பிட்டால் பதில் வராதது புதிதில்லையே.

ஒருநாள் அந்தப் பதிவுகளை ஹெட்போனில் வரிசையாகக் கேட்டேன். குரல் காணாமல் போகும் ஒவ்வோர் இடத்துக்கும் சற்று முன்னால் ஒரு மூச்சு. உள்ளே இழுக்கும் மூச்சு.

நான் மூக்கால் மூச்சிழுப்பவள். சின்னதாக ஒரு விசில் வரும். மகள் கேலி செய்வாள்.

இது வாயால் இழுத்த மூச்சு. ஈரமாக இருந்தது. என் மூச்சுக்கு ஒரு கணம் முன்னால் வந்தது... நான் தொடங்கக் காத்திருந்தது போல.

அப்போதே விட்டிருக்க வேண்டும். ஆனால் வரும் சனிக்கிழமைதான் கடைசி. என் இசையில் இன்னும் நாற்பது விநாடி வெற்றிடமாக இருந்தது. அந்த நாற்பது விநாடியை யாருக்கும் விட்டுக்கொடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் என்று நினைக்கிறேன். யார் நீ, என்னுடையதைத் தின்ன?

வெள்ளிக்கிழமை. கூடத்தில் எல்லோரும் வேலையாக இருந்தார்கள். காலை ஷிப்ட் முடிந்து என்னை அழைத்துப் போக வந்த கணவர், வாசலில் வண்டியில் உட்கார்ந்திருந்தார். "பத்து நிமிஷம்" என்றேன். கேட்டாரா, தெரியாது.

உள்ளே போனேன். கதவு கனமாகச் சாத்திக்கொண்டது. ஹெட்போனை மாட்டினேன். பதிவை ஓடவிட்டேன்.

மூச்சு வந்தது.

நான் "ஆ" என்று தொடங்கினேன்.

தொண்டை அதிர்ந்தது. விரலை வைத்துப் பார்த்தேன். அதிர்கிறது. சத்தம் இல்லை.

ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன். அது விழுந்த சத்தம் கேட்டது. காது கேட்கிறது. என் குரல்தான் இல்லை.

கதவைத் தள்ளினேன். தாழ்ப்பாள் திரும்பியது. கதவு திறக்கவில்லை. தட்டினேன். ஸ்பாஞ்ச் கையை மெத்தென்று வாங்கிக்கொண்டது.

கத்தினேன். தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன்.

ஒன்றுமில்லை.

முகத்தில் சூடாக ஏதோ பட்டது.

மூச்சு.

என் உதட்டுக்கு நேராக. என் உயரத்தில். நான் வாயைத் திறந்தால் எதிரே ஒரு வாய் திறந்தது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் தெரிந்தது... பல்லின் குளிர் தெரிந்தது.

அப்போதுதான் தாடியின் வித்தை நினைவுக்கு வந்தது. ரெண்டும் முழு சத்தத்துலதான் ஓடுது.

வாயை மூடிக்கொண்டேன். இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

தரையில் கிடந்த ஹெட்போனிலிருந்து மெல்லிய குரல் வந்தது. என் குரல். நான் ஒருபோதும் யாரிடமும் பேசாத தொனியில்.

"கத்துடி."

நான் அசையவில்லை.

"கத்துடி."

மூச்சை அடக்கினேன்.

அது கத்தத் தொடங்கியது.

கதவு உடைந்து விழுந்தபோது நான் கீழே உட்கார்ந்திருந்தேன். கணவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். தாடி, தொப்பிக்காரன், மேலே டயர் கடையிலிருந்து ஓடி வந்த இரண்டு பேர், எல்லோர் முகமும் வெளிறியிருந்தது.

"ஏன்டி அப்படிக் கத்தினே? ரோடு வரைக்கும் கேட்டுச்சு. யாரையோ அறுக்கற மாதிரி..."

என் கைகள் அப்போதும் வாயைப் பொத்தியபடியே இருந்தன. அதை அவர்தான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டார். அவருக்கும் அது தெரியும். இன்றுவரை அதைப் பற்றிப் பேசுவதில்லை.

சனிக்கிழமை நான் போகவில்லை. அந்த மூன்று நிமிடம், நாற்பது விநாடி ஓட்டையோடு, இன்னும் என்னிடம் இருக்கிறது. போன் எடுத்தால் இப்போது எல்லோருக்கும் கேட்கிறது. வீட்டில் ஒரு தடவை கூப்பிட்டால் இரண்டு பேரும் வந்து நிற்கிறார்கள். நான்தான் அதிகம் கூப்பிடுவதில்லை. வாய் திறக்கும் முன் ஒரு கணம் நின்று, எதிரே மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

மூன்று வாரம் கழித்துத் தாடி வீட்டுக்கு வந்தார். முதன்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். வகுப்பை மூடிவிட்டாராம்.

"உங்களுக்கு முன்னாடி ஒருத்தங்க இருந்தாங்கக்கா. ரெண்டு வருஷம் ஆச்சு. உங்க வயசுதான் இருக்கும். அந்த ரூம்லதான் மாட்டிக்கிட்டாங்க. நாங்க வெளியில பாட்டுப் போட்டுட்டு இருந்தோம். கதவை உடைக்கறதுக்குள்ள... மூச்சு இல்லை."

"கத்தலையா?"

"இல்லைக்கா. உள்ள போனதுமே மயக்கம் வந்திருக்கும்னு சொன்னாங்க. பதிவு ஓடிட்டுதான் இருந்துச்சு. முழுசும் கேட்டுப் பார்த்தோம். சத்தமே இல்லை."

"மைக் திறந்திருந்துச்சா?"

"ஆமா."

"கோடு நடுங்குச்சா?"

பாடம் நடத்தியவர் அவர்தான். கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"நேரா இருந்துச்சு" என்றார். "ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி. முதல்லேருந்து கடைசி வரைக்கும்."

அப்படியானால் அவள் கத்தியிருக்கிறாள். கடைசி வரைக்கும் கத்தியிருக்கிறாள். எதிரே யாரோ நின்று சேர்ந்து கத்தியிருக்கிறார்கள்.

நிலைச்சட்டத்தில் பார்த்த அந்த இரண்டு வரிசைத் துளைகளை நினைத்து, நான் கடைசியாக ஒன்று கேட்டேன். எனக்கு முன்னால் அந்தக் கதவை எத்தனை தடவை உடைத்தார்கள்?

"அந்த ஒரு தடவைதான்" என்றார். பிறகு, நான் எதற்காகக் கேட்கிறேன் என்று புரிந்தது போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாங்க வாடகைக்கு வந்தப்பவே நிலையில ஒரு வரிசை ஓட்டை இருந்துச்சுக்கா."