அம்மா குளித்த பிறகும்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் மடிப்பு. சலவைப் பிரிவில் பதினோரு வருடம். அவள் மடித்த விரிப்பை ஐந்தாவது மாடியிலிருந்து தூக்கிப் போட்டாலும் மடிப்புக் கலையாது என்று கேலி செய்வார்கள். வீட்டிலும் அதே கதைதான். துணியை விடுங்கள், நேரத்தையே மடித்து அடுக்கி வைத்திருந்தாள். ஐந்தரைக்கு எழுந்தால் ஆறே காலுக்குச் சமையல் முடியும், ஏழுக்கு மகளுக்குத் தலை பின்னி முடியும், ஏழு இருபதுக்குப் பள்ளி வண்டி, ஏழரைக்கு அவள் ஒரு பஸ், கணவர் ஒரு பஸ். சாயங்காலம் யார் முதலில் வருகிறாரோ அவர் பக்கத்து வீட்டிலிருந்து பிள்ளையை அழைத்து வர வேண்டும். அந்த வீட்டில் யாரும் யாரோடும் நின்று நிதானமாகப் பேசியதில்லை. ஆனால் ஒரு நாளும் வண்டியைத் தவறவிட்டதும் இல்லை.

பிறகு நோய் வந்தது, பள்ளிக்கூடத்தை மூடினார்கள். கணவருக்குக் குடிநீர் அலுவலகத்தில் தொலைபேசியில் புகார் கேட்கும் வேலை. ஒரு கணினியையும் காதில் மாட்டும் கருவியையும் கொடுத்து, வீட்டிலிருந்தே கேள் என்று அனுப்பிவிட்டார்கள். சமையலறை மேசையே அலுவலகம் ஆனது. ஒரு கை கரண்டியில், வாய் மட்டும் "சொல்லுங்க சார், எந்தத் தெரு?" என்று கேட்டுக்கொண்டிருக்கும். ஐந்து வயது மகள் மேசைக்கடியில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, இரண்டே வாரத்தில் அத்தனையும் மனப்பாடம். பொம்மை கீழே விழுந்தால் அதனிடம் குனிந்து, "உங்க புகார் பதிவாயிடுச்சு" என்பாள்.

விரிப்புகளை வீட்டிலிருந்து வெளுக்க முடியுமா? அவள் மட்டும் போனாள். காலியான பஸ்ஸில் தனியாகப் போய்த் தனியாக வந்தாள். பயம் நோயைப் பற்றி அல்ல, மகளைப் பற்றி.

"கதவைத் திறந்ததும் ஓடி வந்து கட்டிப்பாளே, எப்படி நிறுத்தறது?" என்றாள் கணவரிடம்.

"அதை நான் பார்த்துக்கறேன், விடு."

அவர் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தார். அம்மாவின் துணியில் ஒரு பேய் ஒட்டிக்கொண்டு வரும். பின்கதவில் மூன்று தட்டு கேட்டதும் பிள்ளை ஓடிப்போய் அறைக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். அம்மா வெந்நீரில் குளித்தால் பேய் செத்துவிடும். "பேய் போச்சு!" என்று அம்மா குரல் கொடுத்தால் கதவைத் திறக்கலாம். கெட்டிக்கார மனுஷர் என்றுதான் அன்றைக்கு நினைத்தாள். விளையாட்டு வினையாகும் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள், சரி. ஐந்து வயதுப் பிள்ளையையும் கண்ணுக்குத் தெரியாத கிருமியையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பது என்று அவர்கள் சொல்லி வைக்கவில்லையே. முதல் ஒரு மாதம் அந்த வீட்டில் ஒரே சிரிப்பு. தட்டுவதற்கு முன்பே உள்ளே கூச்சல் கேட்கும்.

சலவைக் கூடத்தில் சிரிப்பு இல்லை. சாதாரண நாளில் அழுக்கு மூட்டையைப் பிரித்து, உதறிப் பார்த்துத்தான் இயந்திரத்தில் போடுவார்கள். இப்போது பிரிக்கக் கூடாது, மூட்டையோடு உள்ளே தள்ளு என்று உத்தரவு. அதனால் வெளுத்து வந்த துணிக்கு நடுவே மூக்குக்கண்ணாடி வரும், சீப்பு வரும், பல்செட் வரும். எல்லாம் பளபளவென்று சுத்தமாக இருக்கும். யாருடையது என்று கேட்க ஆள் இருக்காது. ஜன்னலோரம் ஒரு தட்டில் போட்டு வைத்தார்கள். தட்டு நிறைந்ததும் இன்னொரு தட்டு வைத்தார்கள்.

விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். அவளுக்கு எதிர்முனை எப்போதும் பெரியக்கா. இஸ்திரி இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவள், வாய் ஓயாதவள். முனையைப் பிடித்து ஒரு வெட்டு வெட்டி இழுத்தாள் என்றால் எதிரில் நிற்பவர் தடுமாற வேண்டும். ஒரு திங்கட்கிழமை, "லேசா காய்ச்சல் இருக்கு, மேல போய்க் காட்டிட்டு வந்துடறேன். என் முனையை எவகிட்டயும் குடுத்துடாதே" என்று சொல்லிவிட்டு, தன் போர்வையைப் போர்த்திக்கொண்டு மாடிக்குப் போனாள்.

ஒன்பதாம் நாள் பெரியக்கா படுத்திருந்த வார்டின் மூட்டை இறங்கியது. இயந்திரம் நின்று கதவைத் திறந்தால், வெள்ளைத் துணிகளுக்கு நடுவே நீலப் பூப்போட்ட போர்வை ஒன்று. ஆஸ்பத்திரிப் போர்வை அல்ல. மதியத் தூக்கத்துக்கு என்று பெரியக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்த, இவள் தினமும் பார்த்த போர்வை. ஆள் இருந்தால் போர்வை கீழே வராது. யாரும் வந்து சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அழக்கூட இல்லை. அதைத் தனியாக மடித்தாள், மடிப்புக் கோணலாக வந்தது.

அன்று பின்கதவைத் தட்டினாள், குளித்தாள், மறுபடியும் குளித்தாள். கை வெந்து சிவந்த பிறகும் வெளுப்பு மருந்து வாசனை போகவில்லை. அறைக்குள்ளிருந்து மகள் கத்தினாள்: "அம்மா, பேய் போச்சா?"

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. "இல்லடா. இன்னும் போகலை" என்றாள்.

அதன் பிறகு மூன்று மாதம் முன்னறையில் தனியாகப் படுத்தாள். சாப்பாட்டுத் தட்டைக் கணவர் வாசலில் வைத்துவிட்டுப் போவார். கதையெல்லாம் மூடிய கதவு வழியாகத்தான். சில சமயம் கதவுக்கு அடியில் இடுக்கு வழியே மகளின் நான்கு விரல்கள் எட்டிப் பார்க்கும். இவள் காலை இழுத்துக்கொள்வாள். படுத்தால் காதுக்குள் இயந்திரம் சுற்றும். வேலையில் மடிக்கும்போது எதிர்முனை இழுபடும் என்று கை காத்திருக்கும். சில நாள் இழுபட்டது போலவே இருக்கும். அன்றெல்லாம் நிமிர்ந்து பார்க்கமாட்டாள்.

ஊசி வந்தது. ஊர் மெல்லத் திறந்தது, பள்ளி வண்டியும் வந்தது. அவள் உள்ளறைக்குத் திரும்பினாள். ஆனால் மகள் திரும்பவில்லை. சுவரோரம் அப்பாவின் அந்தப்பக்கம் படுத்துக்கொண்டது பிள்ளை. தலை பின்ன அழைத்தால், "அப்பா பின்னுவாரு" என்று மரியாதையாகச் சொன்னது. இவள் கை நீட்டினால் தன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது. பயந்து அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. இந்தப் பிள்ளை மறுபடி தன் மடியில் வந்து உட்காருமா? இரவும் பகலும் அவளுக்கு அந்த ஒரு கேள்விதான்.

"கொஞ்ச நாள் போகட்டும்" என்றார் கணவர்.

"எத்தனை நாள்? என்னைப் பார்த்தா பேயைப் பார்த்த மாதிரி ஒதுங்குறா. வீட்டுக்குள்ள பேயைக் கூட்டிக்கிட்டு வந்தது நீங்கதானே?"

"கூட்டிக்கிட்டு வந்தது நான்தான். போகலைன்னு சொன்னது யாரு?"

சொன்ன பிறகு அவர் முகமே செத்துவிட்டது. அதற்கு மேல் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

ஒரு மத்தியானம். வேலை சீக்கிரம் முடிந்து, ஆஸ்பத்திரி உடுப்போடே பஸ்ஸை விட்டு இறங்கினாள். பள்ளியிலிருந்து அழைத்துவந்த மகளோடு கணவர் நிறுத்தத்தில் நின்றிருந்தார். பிள்ளைக்கு இப்போது ஏழு வயது. அது அப்பாவை அண்ணாந்து பார்த்தது. என்ன கேட்டதோ, அவர் தலையசைத்தார். கையை விடுவித்துக்கொண்டு, பை முதுகில் குதிக்க ஓடி வந்தது, நேராக இவளை நோக்கி.

இரண்டு வருடமாக இதற்குத்தான் தவம் கிடந்தாள். ஆனால் கால் தானாக இரண்டு அடி பின்னால் போனது. கை உயர்ந்தது. "கிட்ட வராதே!" என்று கத்தியது தன் குரல்தான் என்பதே அவளுக்குக் கத்திய பிறகுதான் தெரிந்தது. நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பிள்ளை நின்றுவிட்டது. ஓடவில்லை, அழவில்லை. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டியது.

"நான் குளிச்சிட்டேன்மா" என்றது. "காலைல வெந்நீர்ல, ரெண்டு தடவை. அப்பாவைக் கேளு. பேய் என்கிட்ட இருந்து போயிருக்கும்மா."

அம்மா அன்றைக்கே குளித்தாயிற்று. அப்படியும் கதவு திறக்கவில்லை என்றால், பேய் வேறு யாரிடம் இருக்கும்? ஐந்து வயதில் அது போட்ட கணக்கு. இத்தனை நாள் அது பயந்து ஒதுங்கவில்லை. அம்மா மேல் தன் பேய் ஒட்டிவிடக் கூடாதே என்று ஒதுங்கியிருக்கிறது.

தெருவென்றும் பாராமல் மண்டியிட்டாள். "உன்கிட்ட இல்லடி தங்கம். உன்கிட்ட எப்பவுமே இல்லை" என்று சொல்லிச் சொல்லி மார்போடு இழுத்துக்கொண்டாள். பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டது. ஆனால் அவளுடைய உள்ளங்கைகள் மட்டும் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் காற்றிலேயே நின்றன. இறக்கப் பார்த்தாள், இறங்கவில்லை. கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிள்ளையின் முதுகில் வைத்தார்.