மத்தியானக் காற்றும் பியாட்ரிஸின் கட்டங்களும்

பியாட்ரிஸ் ஆறு வருடமாகப் பெங்களூருக்கு ரயிலேறிப் போய் வேலை பார்த்துவந்தவள். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புவாள். ஞாயிறு முழுக்கத் தூங்கித் தீர்ப்பாள். அந்த ரயிலை நினைத்தாலே அவளுக்கு இடுப்பு வலித்தது. அதிலிருந்து தப்பிக்கத்தான் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு, தங்கச் சுரங்கம் மூடிப்போன தன் சொந்த ஊரிலேயே, தாய்மாமா பர்னபாஸின் பேக்கரியில் போய் உட்கார்ந்தாள்.

மாமாவுக்கு ஊரின் இரண்டு கோடியிலும் அடுப்பு, பாலகாட் பகுதியில் ஒன்று, மைசூர் மைன்ஸ் பகுதியில் ஒன்று. பன் வாங்கும் கடைகள் ஆறு. எந்த அடுப்புப் பன் எந்தக் கடைக்கு என்பதை ஒரு பழைய நோட்டு தீர்மானித்தது. முதல் அடுப்பின் ட்ரேக்கள் பட்டியலில் முதல் கடைக்கு, மிச்சம் அடுத்த கடைக்கு, அது தீர்ந்தால் இரண்டாம் அடுப்பு. இதனால் பாலகாட் பன் ஊரையே கடந்து மாரிக்குப்பம் போனது. மைசூர் மைன்ஸ் பன் அதே வழியாகக் கோரமண்டலுக்கு வந்தது. டீசல்தான் பாவம்.

"யாரு மாமா இந்த வரிசை போட்டது?"

"சீனியாரிட்டி, கண்ணு. மைன்ல சீனியர் பேருதானே ஷிஃப்ட் புக்ல மொதல்ல வரும்? அதே மாதிரி, மொதல்ல சேந்த கடை மொதல்ல."

சுரங்கத்தை மூடி இத்தனை வருடம் கழித்தும் பன்னுக்கு ஷிஃப்ட் போடும் ஒரே மனிதர் இவராகத்தான் இருக்க முடியும்.

"எங்க எம்.பி.ஏ. புக்ல இதுக்குப் பேரே இருக்குது மாமா. வடமேற்கு மூலை முறை. செலவையே பாக்காம, மேல் மூலைல ஆரம்பிச்சு நெரப்பிக்கினே போறது."

ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி மாமாவின் முகம் மலர்ந்தது.

"ஆனா அது ஆரம்பம்தான். அப்புறம் திருத்தணும்" என்றாள்.

மலர்ந்தது சுருங்கியது. "சனிக்கிழமை வரைக்கும் ஓட்டிப் பாரு. மொத்தச் செலவு கொறஞ்சா இங்கயே சம்பளம். கொறையலன்னா ரயில்தான்."

பியாட்ரிஸ் கட்டம் போட்டாள். அடுப்புகள் பக்கவாட்டில், கடைகள் மேலே. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு ட்ரே கொண்டுபோக ஆகும் செலவு. மிக மலிவான கட்டத்தை முதலில் நிரப்பினாள். பிறகு ஒவ்வொரு காலிக் கட்டத்துக்கும் ஒரு ட்ரேயை நகர்த்தி, செலவு இறங்குகிறதா என்று பார்த்தாள். இனி எதை நகர்த்தினாலும் ஏறத்தான் செய்யும் என்ற இடத்தில் பேனாவை மூடினாள். அதன்படி, சாம்பியன் பகுதியில் இருக்கும் சாராவின் கடைக்கு மைசூர் மைன்ஸ் பன், தங்கம் பிரித்த பிறகு சுரங்கக்காரர்கள் கொட்டிக் குவித்த சயனைடு மண்மேட்டை ஒட்டிய குறுக்கு ரோட்டில்.

ஆட்டோ ஓட்டும் கிளமெண்ட் காகிதத்தைப் பார்த்தார். "அந்த ரோட்லயா? மத்தியானமுமா?"

"ஆமாண்ணா. ரெண்டு கிலோமீட்டர் மிச்சம்."

படித்த பெண் சொல்கிறாள் என்று அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று நாள் டீசல் செலவு மளமளவென்று குறைந்தது. மாமா சந்தேகத்தோடு சந்தோஷப்பட்டார். வியாழன் மத்தியானம் சாராவிடமிருந்து பன்னிரண்டு ட்ரேயும் அப்படியே திரும்பி வந்தன. பன் மேலெல்லாம் சாம்பல் நிறப் பொடி.

பின்னாலேயே சாராவின் போன் வந்தது. "இன்னாம்மா, மேட்டு மண்ணைத் தூவி அனுப்பிக்கீறே? ஊர் சனம் உயிரோட இருக்கணுமா வேணாமா?"

அத்தனை பன்னையும் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

"மூணு நாளா அடங்கிக் கெடந்துச்சு. இல்லன்னா மூணு மணியானா மேட்டுக் காத்து எழும்பிடும்" என்றார் கிளமெண்ட். "கொடில காயுற துணிய எடுக்க ஊரே ஓடும். இங்கயே பொறந்தவ, மறந்துட்டியாம்மா?"

மறந்துதான் போயிருந்தாள். ஆறு வருடமாக அவளுடைய மூன்று மணியெல்லாம் பெங்களூரின் ஏசி ஆபீஸில் கழிந்திருந்தது. சொந்த ஊரைக் கிலோமீட்டரில் மட்டும் அளந்துவிட்டோமே என்று வெட்கத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

மூக்கைத் துடைத்துக்கொண்டே புதுக் கட்டம் போட்டாள், காலைக்கு ஒன்று, மத்தியானத்துக்கு ஒன்று. மத்தியானக் கட்டத்தில் அந்தக் குறுக்கு ரோட்டுக்கு மட்டும் ட்ரேக்கு ஆயிரம் ரூபாய் என்று எழுதினாள். அவ்வளவு விலை சொன்னால் கணக்கு அந்தப் பக்கம் எட்டியே பார்க்காது. சாராவின் மத்தியான ட்ரே பாலகாட்டிலிருந்து போயிற்று.

சனிக்கிழமை மாமா டீசல் பில்லைக் கூட்டினார். புதைத்த பன்னையும் இரக்கமில்லாமல் சேர்த்தார். அப்படியும் போன வாரத்தைவிட அறுநூறு ரூபாய் குறைவு. நம்பாமல் இன்னொரு தடவை கூட்டினார்.

"சரி, இரு. ஆனா மாரிக்குப்பம் கடை பேரு மொதல்லயே இருக்கட்டும். சீனியர்."

"இருக்கட்டும் மாமா. பேரை எங்க எழுதினாலும் செலவு மாறாது."

திங்கட்கிழமை மூன்று மணிக்குக் காற்று எழும்பியது. தெருவே ஓடியது. பேக்கரிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை எடுக்க, சிரித்துக்கொண்டே பியாட்ரிஸும் ஓடினாள்.