எல்லா நல்லடக்கமும் மாலை நான்கு மணிக்கு

நீங்கள் சொல்வது பொய். இத்தனை வருடங்களில் ஒரு மரண அறிவிப்பில்கூடத் தவறு நேர்ந்ததில்லை என்று உங்கள் இணையதளத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறீர்கள். நேர்ந்தது. தவறைச் செய்தவன் நான். மறைத்தவர் நீங்கள்.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன்.

மிஷன் வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறைகள். அதுதான் ஆபீஸ். முதல் அறையில் முதலாளி, அதாவது நீங்கள். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஊரில் சொல்தா குடும்பம் என்று சொல்வார்களே, அப்படிப்பட்ட குடும்பம். இரண்டாவது அறையில் நானும், அறிவிப்புகளை டைப் செய்யும் ஒரு அக்காவும். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. வெப் டிசைன் கோர்ஸ் ஒன்று முடித்திருந்தேன். வேறு எங்கும் வேலை கிடைக்கவில்லை.

புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்குப் போய்க் குடியேறிய குடும்பங்களுக்கான தளம் அது. ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாம் போடுவோம். ஜனங்கள் சாவைத்தான் பார்த்தார்கள். காலையில் காபி குடித்துக்கொண்டே ஊரில் யார் போனார்கள் என்று பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் அங்கே இருந்தார்கள். முதலாளிக்கு அதில் பெருமை.

நான் சேர்ந்தபோது ஒவ்வொரு சாவுக்கும் ஒரு தனிப் பக்கம் இருந்தது. பழைய பக்கத்தை காப்பி எடுத்து, பெயரை மாற்றி, படத்தை மாற்றி, தேதியை மாற்றி, புதுப் பெயரில் சேமிக்க வேண்டும். இருநூறு சொச்சம் பக்கங்கள் அப்படிச் சேர்ந்துவிட்டன. ஆபீஸ் போன் நம்பர் மாறியபோது இருநூறையும் ஒவ்வொன்றாகத் திறந்து கீழே இருந்த நம்பரை மாற்றினேன். ஒரு வாரம் ஆனது. அந்த வாரத்தில்தான் முதலாளி சொன்னார்.

“தம்பி, இப்ப எல்லாரும் பிளாக் வெச்சிருக்காங்களே, அந்த சாஃப்ட்வேர்ல நம்ம சைட்டை ஏத்திடு. டிசைன் மாறக்கூடாது. பிரான்சுல இருக்கறவங்களுக்கு வித்தியாசமே தெரியக்கூடாது.”

டைப் செய்யும் அக்கா சிரித்தாள். “பிளாக்னா டைரி மாதிரி எழுதறதுதானே சார்? செத்தவங்க டைரி எழுதப் போறாங்களா?”

“நீ டைப் அடி,” என்றார்.

வேலை இதுதான். ஒரு பழைய பக்கத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அதை வெட்ட வேண்டும். எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி இருக்கும் தலைப்பகுதி ஒரு கோப்பு. அடிப்பகுதி ஒரு கோப்பு. ஓரப் பட்டை ஒரு கோப்பு. நடுவில் மாறிக்கொண்டே இருக்கும் இடங்களில், இருந்த எழுத்தை அழித்துவிட்டு, இங்கே பெயரைக் கொண்டு வா, இங்கே படத்தைக் கொண்டு வா என்று ஒரு வரி எழுத வேண்டும். அவ்வளவும் சேர்ந்தால் தீம். அதன் பிறகு அக்கா கட்டங்களில் விவரத்தை நிரப்பினால் போதும், பக்கம் தானாக வரும். போன் நம்பரை ஒரு இடத்தில் மாற்றினால் இருநூறு பக்கத்திலும் மாறும்.

வெட்டுவதற்கு நான் எடுத்தது ஒரு பெரியவரின் பக்கம். அவர் யார் என்று எனக்குத் தெரியாது. நீளமான பக்கம், எல்லா விஷயமும் இருந்தது, அதனால் எடுத்தேன். படத்துக்கு வலது பக்கம் கறுப்புக் கோடு போட்ட ஒரு சின்னப் பெட்டி. அதில் ‘நல்லடக்கம்: மாலை 4.00 மணி’ என்று இருந்தது. நேரம் அந்தப் பெட்டியில் மட்டும்தான் வரும். கீழே செய்தியில் தேதி, கோயில், கல்லறை எல்லாம் இருக்கும், நேரம் இருக்காது. அதுதான் முதலாளி வைத்த வழக்கம்.

அந்தப் பெட்டிக்குள் இருந்த நான்கு மணியை அழித்து, நேரத்தைக் கொண்டு வா என்று நான் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. பெயருக்கு எழுதினேன், படத்துக்கு எழுதினேன், தேதிக்கு எழுதினேன். இதை விட்டுவிட்டேன். கரண்ட் போனதா, டீக்குப் போனேனா, ஞாபகமில்லை.

சரிபார்த்தேன். அதுதான் கேவலம். எந்தப் பெரியவரின் பக்கத்தை வெட்டினேனோ அதே பெரியவரின் விவரத்தைப் போட்டே சரிபார்த்தேன். அவருடைய அடக்கம் நான்கு மணிக்குத்தான். பெட்டியில் நான்கு மணி வந்தது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதலாளி பார்த்தார்.

“அச்சு அசலா அப்படியே இருக்கே,” என்றார். எல்லாருக்கும் மெயில் அனுப்பினார். பழைய இருநூறு பேரின் விவரங்களோடும் திங்கட்கிழமை புதுத் தளம் ஏறியது.

அன்றிலிருந்து அந்தத் தளத்தில் இருந்த எல்லாச் சாவுக்கும் மாலை நான்கு மணி. பழைய சாவுக்கெல்லாம் யார் நேரம் பார்க்கப் போகிறார்கள்? புதன்கிழமை ஒரு சாவு வந்தது, அதற்கு நிஜமாகவே நான்கு மணி. வியாழக்கிழமை காலை இன்னொன்று. ஒரு அம்மா. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அடக்கம். அக்கா கட்டத்தில் பத்து மணி என்று சரியாகத்தான் அடித்திருந்தாள். பக்கத்தில் நான்கு என்று வந்தது. சேமித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். முதலாளி படம் தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். நான் பார்க்கவேயில்லை.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி வாக்கில் பிரான்சிலிருந்து ஒருவர் போன் செய்தார். அவருடைய அப்பா போன வருடம் இறந்தவர். “எங்கப்பாவ காலையிலதானே அடக்கம் பண்ணோம், நாலு மணின்னு போட்டிருக்கீங்க?” என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. நான் தீமைத் திறந்தேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான்கு மணியை அழித்தேன், எழுத வேண்டியதை எழுதினேன், சர்வரில் ஏற்றினேன். இரண்டு நிமிட வேலை. இருநூறு பக்கமும் சரியாகிவிட்டது. முதலாளியிடம் சொன்னேன்.

“சரி பண்ணிட்டல்ல?” என்றார்.

“பண்ணிட்டேன் சார்.”

“அப்ப முடிஞ்சுது.”

சனிக்கிழமை காலை அந்தப் பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும். பருத்திப் புடவை, தோளில் ஒரு பயணப் பை. படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. முதலாளியின் முன்னால் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நடுவில் கதவு இல்லை, திரைதான். திரையும் பாதிதான். எனக்கு எல்லாம் கேட்டது.

அவள் சொன்னது இது. வெள்ளிக்கிழமை அடக்கம் பண்ணியது அவள் அம்மாவை. அவள் வேறு மதத்தில் கல்யாணம் பண்ணிக்கொண்டு சென்னையில் இருக்கிறாள். அண்ணன் பேசுவதில்லை, சாவுக்கும் சொல்லி அனுப்பவில்லை. கூடப் படித்த தோழி பிரான்சில் இருந்து நம் தளத்தைப் பார்த்துவிட்டு போன் செய்திருக்கிறாள். இவளும் தன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்திருக்கிறாள். மாலை நான்கு மணி. மறுநாள் காலை பஸ் பிடித்தால் போதும் என்று கிளம்பியிருக்கிறாள். ஒன்றரை மணிக்கு வீட்டு வாசலில் இறங்கியபோது பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“மூஞ்சியப் பாக்கல சார். மண்ணத்தான் பாத்தேன். அண்ணன் எல்லார் முன்னாடியும் கேக்குது, பெத்தவளுக்குக் கூட நேரத்துக்கு வரத் தெரியாதான்னு. நாலுன்னுதான் போட்டிருந்துச்சுன்னேன். சுவத்துல ஒட்டின போஸ்டரைக் காட்டுது, பத்துன்னு இருக்கு. பொய் சொல்றேன்னு சொல்லிடுச்சு. சாயங்காலம் பிரவுசிங் சென்டருக்குப் போய் உங்க பக்கத்தைத் தொறந்தேன். பத்துன்னு இருக்கு சார். அதான் கேக்க வந்தேன். வியாழக்கிழமை அதுல என்ன இருந்துச்சு?”

நீங்கள் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினீர்கள். நாற்காலி கிறீச்சிட்ட சத்தம் கேட்டது.

“இதோ பாருங்கம்மா. பத்து. நீங்களே பாருங்க. வேற எந்தப் பக்கத்தை வேணும்னாலும் பாருங்க. எங்ககிட்ட தப்பே வராது.”

“நான் நாலுன்னு பாத்தேன் சார்.”

“துக்கத்துல இருந்திருப்பீங்க. கண்ணு ஒண்ணு பாக்கும், மனசு ஒண்ணு படிக்கும்.”

பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப நான்தான் தப்பா படிச்சிட்டேனா?”

நீங்கள் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டீர்கள்.

எனக்கும் அவளுக்கும் நடுவில் ஐந்தடி இருந்திருக்கும். எழுந்து திரையை விலக்கி, அம்மா, நீங்க சரியாத்தான் படிச்சீங்க, தப்பு என்னோடது என்று சொல்லியிருக்கலாம். டைப் செய்யும் அக்கா என்னைப் பார்த்தாள். நான் கம்ப்யூட்டரில் இருந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே எதுவும் இல்லை. பயம்கூட இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு வாய் எப்படி இருக்குமோ அப்படி முழு உடம்பும் இருந்தது. அவள் படி இறங்கும் சத்தம் கேட்டது. செருப்பு ஒன்று பழுது போல, ஒரு காலை இழுத்து இழுத்து இறங்கினாள்.

மதியம் சாப்பிட்டேன். தயிர்சாதம். பசித்தது, சாப்பிட்டேன்.

அக்காதான் பேச்சை எடுத்தாள். “ஏம்பா, பழைய மாதிரி தனித்தனிப் பக்கமா இருந்திருந்தா ஒரு பக்கத்துலயாவது அந்த நாலு மணி மிச்சம் இருந்திருக்கும்ல?”

இருந்திருக்கும். ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருந்தால் ஏதாவது ஒன்று விட்டுப்போயிருக்கும். அந்தப் பெண் அதைத் திறந்து காட்டியிருப்பாள். நான் செய்து வைத்த ஏற்பாட்டில் ஒரு வரியை மாற்றினால் எல்லா இடத்திலும் தவறு நடந்ததே இல்லை என்று ஆகிவிடுகிறது. பழைய கோப்பின் மேலேயே புதியதை ஏற்றிவிட்டேன். காப்பி எடுத்து வைக்கவில்லை. எடுத்து வைத்திருந்தால் மட்டும் அன்றைக்கு என்ன செய்திருப்பேன்?

திங்கட்கிழமை உங்களிடம் வந்து கேட்டேன். அந்தம்மாவிடம் சொல்லிவிடலாம் சார் என்றேன்.

“சொன்னா? அவங்கம்மா எழுந்து வந்து மூஞ்சியக் காட்டப் போறாங்களா? போனது போகட்டும். நாளைக்கு ஒருத்தன் நம்மகிட்ட அறிவிப்பு குடுப்பானா?”

சரி சார் என்றேன். அதையும் சொன்னவன் நான்தான்.

ஒரு மாதம் அப்படியே போனது. எந்த அறிவிப்பு வந்தாலும் பெட்டியைப் பார்ப்பேன், வீட்டார் அனுப்பிய போஸ்டரைப் பார்ப்பேன், மறுபடி பெட்டியைப் பார்ப்பேன். அக்கா கிண்டல் செய்தாள். “இப்பப் பாரு நல்லா. ராகு காலம் எமகண்டமும் சேத்துப் பாரு.”

பிறகு ஒரு நாள் அவள் அண்ணன் வீட்டைத் தேடிப் போனேன். விலாசம் அறிவிப்பிலேயே இருந்தது. வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். நான் இன்ன இடத்தில் வேலை செய்கிறேன், உங்கள் தங்கச்சி சொன்னது நிஜம், நான் செய்த தவறு என்று சொன்னேன். அவர் பம்பை விடவில்லை.

“அவ அனுப்பினாளா?”

“இல்லங்க. நானேதான் வந்தேன்.”

“உங்க முதலாளிய நானே போன் போட்டுக் கேட்டேன். அப்படி ஒண்ணும் கிடையாதுன்னு சத்தியம் பண்றாரு. அவரு பொய் சொல்றாரா, நீ பொய் சொல்றியா?”

“அவருதாங்க.”

“அவரு எங்க அப்பா காலத்துலேர்ந்து தெரிஞ்சவரு. நீ யாரு?”

தங்கச்சியின் நம்பரையாவது கொடுங்கள் என்றேன். எங்கிட்ட கிடையாது என்றார். அது உண்மையாகத்தான் இருக்கும். காற்று போதுமா என்று டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் உங்களுக்கு விஷயம் தெரிந்தது. இனி வர வேண்டாம் என்றீர்கள். போனேன். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் சேர்ந்தேன். பெட்டிகளை எண்ணி எழுதுவதுதான் வேலை. காலையில் பஸ், மாலையில் பஸ். வெப் வேலையை அதோடு விட்டேன். வருத்தமில்லை.

அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. அறிவிப்பில் அண்ணன் அவள் பெயரைப் போடவில்லை. பிள்ளைகள் வரிசையில் அவள் இல்லை. சென்னையில் எந்தப் பக்கம், எந்த ஆபீஸ், எதுவும் தெரியாது. பேப்பரில் விளம்பரம் கொடுத்தால் யார் பெயரைப் போட்டுக் கொடுப்பது? அவள் வந்து பார்க்கக்கூடிய இடம் ஒன்றுதான். அவள் அம்மாவின் படம் வேறு எங்கும் அவளுக்குக் கிடைக்காது, அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவையாவது திறந்து பார்ப்பாள். பார்க்கும் ஒவ்வொரு தடவையும் பெட்டியில் பத்து மணி என்று இருக்கும். தன் கண்ணைத்தான் அவள் திட்டிக்கொள்வாள். அம்மாவின் முகத்தைத் தவறவிட்டது தன் தவறுதான் என்று இந்நேரம் நம்பியேவிட்டிருப்பாள்.

இதை நான் எழுதினால் போதாது. அண்ணன் கேட்டது போல யாராக இருந்தாலும் கேட்பார்கள், நீ யார் என்று. நீங்கள் எழுத வேண்டும். அந்த அம்மாவின் அறிவிப்புக்குக் கீழே, படத்துக்கு அடியில், உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள். வியாழக்கிழமை காலையிலிருந்து வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும் இந்தப் பக்கத்தில் மாலை நான்கு மணி என்று இருந்ததா, இல்லையா? எனக்குப் போன் செய்து சொல்ல வேண்டாம். ஆள் அனுப்ப வேண்டாம். எல்லாரும் பார்க்கிற இடத்தில் பதில் சொல்லுங்கள்.