சிங்கப்பூர் கேசட்டில் வந்த சீன நிகழ்ச்சி

வாடகை வீடியோ டெக் சூடேறும்போது லேசாக ஒரு கருகல் வாசனை வரும்... கூடவே, சாத்திய ஜன்னலையும் மீறி உள்ளே வரும் கோழிப்பண்ணை நாற்றம். எண்பதுகளின் நடுவில், நாமக்கல் புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், எங்கள் தெருவே ஒரு வீட்டில் அடைந்து படம் பார்த்தது இப்படித்தான்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டது படமில்லை. சிங்கப்பூர் டிவியில் வந்த ஒரு சீன மொழி நிகழ்ச்சி. நடிகர் நடிகைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச்சுக் கொடுப்பார்கள். நடுநடுவே பாட்டு, விளையாட்டு, கேலி. அது வந்தால் அங்கே எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்களாம்.

கேசட்டைக் கொண்டுவந்தவர் ஒரு பள்ளிபாளையத்துக்காரர். சிங்கப்பூரில் கட்டட வேலை, லீவில் வந்திருந்தார்.

"உங்கூரு மாப்பிள்ளை டிவியில வந்துட்டாருங்க. நம்மாளாச்சேன்னு, மறுக்கா போட்டப்ப எங்க சூப்பர்வைசர் ஊட்டு டெக்குல பதிஞ்சு எடுத்தாந்தேன்" என்றார். பாவம், அவருக்குச் சீனமும் தெரியாது, இங்கிலீஷும் படிக்க வராது.

மாப்பிள்ளை என்று அவர் சொன்னது பக்கத்து வீட்டு சரசக்காவின் கணவரை. சிங்கப்பூர் போய் ஐந்து வருஷம். கடைசி ஒன்றரை வருஷமாக ஒரு கடிதம்கூட இல்லை.

அந்த வாரம்தான் சரசக்காவின் அண்ணன் ஒரு மனு வாங்கி வந்திருந்தார். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. விதவைகளுக்கும் புருஷன் விட்டுப் போனவர்களுக்கும் முன்னுரிமை. 'கணவரால் கைவிடப்பட்டவள்' என்ற வரிக்குக் கீழே அக்கா கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் கடைசி நாள்.

"உசுரோட இருக்கற மனுசன, என்னைய உட்டுட்டுப் போயிட்டாருன்னு நானே எழுதித் தர்றதாண்ணா?" என்று அக்கா கேட்டார். "அவரு மூஞ்சியப் பாத்துட்டுச் சொல்றேன்."

அதனால் அண்ணனும் மனுவைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். பி.ஏ. முடித்தால் உலகத்து பாஷை எல்லாம் வந்துவிடும் என்று தெரு நம்பியது.

"சாமி, நீ முன்னால வந்து உக்காரு. என்ன பேசறாங்கன்னு எடுத்துச் சொல்லு" என்றார் சரசக்கா. சின்னவர்களை எங்கள் பக்கம் செல்லமாக 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

நாலு பேர் முன்னால் வாய் திறந்து பழகாதவள் நான். நல்லவேளை, படத்துக்கு அடியில் சின்ன எழுத்தில் இங்கிலீஷ் வரிகள் ஓடின. அதைப் படித்து மெல்லிய குரலில் சொன்னேன். சீனமே தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

உடம்பெல்லாம் மின்னும் சட்டையோடு ஒரு பாடகர் வந்தார்.

"இத்தன ஜிகினா நாமக்கல்லு லாரியிலகூட ஒட்டமாட்டாங்கொ" என்றார் பின்னாலிருந்து ஒருவர். வீடே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பாடகரைப் பார்க்காமல், பின்னால் மங்கலாகத் தெரிந்த கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நிகழ்ச்சி நடத்துகிறவர் மைக்கோடு கூட்டத்துக்குள் இறங்கினார். மூன்றாவது வரிசையில் அக்காவின் கணவர். கொஞ்சம் சதை போட்டிருந்தார். பக்கத்தில் ஒரு சீனப் பெண்.

"அதாரு, பக்கத்துல அந்தம்மா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"கூட்டம்னா பக்கத்துல ஆராச்சும் உக்காரத்தான செய்வாங்க. உனக்கென்ன?"

மைக்கை நீட்டி ஏதோ கேட்டார். அக்காவின் கணவர் சீனத்திலேயே சரளமாகப் பதில் சொன்னார். அந்தப் பெண் வெட்கப்பட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். அரங்கமே கைதட்டியது.

அடியில் வரிகள் ஓடின. 'கல்யாணம் ஆகி எவ்வளவு நாளாச்சு?' 'இரண்டு வருஷம்.' 'வீட்டில் யார் சமையல்?' 'நான்தான்.'

அக்கா என் தோளைப் பிடித்தார்.

"என்ன சாமி கேட்டாங்க? என்ன சொன்னாரு?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அத்தனை பேர் நடுவில் அந்த வரியை என்னால் சொல்ல முடியவில்லை.

"ஊருக்கு எப்பப் போவீங்கன்னு கேட்டாங்கக்கா. தை மாசம் போறேன்னாரு."

எங்கிருந்து அது வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியாது.

அக்கா அண்ணன் பக்கம் திரும்பினார். "கேட்டியாண்ணா? அதைக் கிழிச்சுப் போடு."

அண்ணன் கிழிக்கவில்லை. அடுத்த தெருவில் இன்னொரு பெண்ணிடம் கொடுத்தார். வேலை அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது.

நாளைக்குச் சொல்லிவிடலாம், தனியாகச் சொல்லிவிடலாம் என்று நாள் கடத்தினேன். தை வந்தது. அக்கா சுண்ணாம்பு அடித்து வீட்டை வெள்ளையாக்கினார். அடுத்த தைக்கும் அடித்தார். மூன்றாவது தைக்குள் எனக்குக் கல்யாணமாகிச் சேலத்துக்கு வந்துவிட்டேன். அக்கா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கப் போனார் என்று அம்மா எழுதியிருந்தார்.

இப்போது என் மகள் போனில் அதே மாதிரிச் சீன நிகழ்ச்சிகளைப் பார்க்கிறாள். அடியில் தமிழிலேயே எழுத்து ஓடுகிறது. யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை... அன்றைக்கும் இப்படி ஓடியிருக்கக் கூடாதா என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் ஊருக்குப் போனபோதுதான் சொன்னேன். அக்காவுக்கு அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். இன்னும் பண்ணை வேலைதான். கணவர் சிங்கப்பூரிலேயே காலமான செய்தி எப்போதோ வந்துவிட்டது. அந்தச் சத்துணவு வேலைக்குப் போன பெண் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார்.

கேசட்டில் அன்றைக்குக் கேட்டது என்ன, அவர் சொன்னது என்ன என்று முழுதும் சொன்னேன்.

"நீ சின்னப்புள்ள. பயந்திருப்ப" என்றார். சாப்பாட்டுத் தூக்கை மூடிக்கொண்டே, "அன்னைக்கே சொல்லியிருந்தா அழுதிருப்பேன் சாமி. ராவெல்லாம் அழுதுட்டு, காலையில அந்த மனுவுல கையெழுத்துப் போட்டிருப்பேன்."

பண்ணைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.