சாட்சி சொன்னவருக்குத் திரும்பவும் சுகமில்லை

விசுவாசக் குடும்பத்தாரே, என் கணவர் நேசன் போன மாரியில் சாப்பாட்டை நிறுத்தினார். சோற்றைப் போட்டுக் கொடுத்தால் இரண்டு வாய் வைப்பார். பிறகு விரல்கள் சோற்றுக்குள்ளேயே நிற்கும். வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவர் அவர். மழை விட்டதும் வல்வெட்டித்துறையிலிருந்து ஆட்கள் மாறி மாறிக் கூப்பிட்டார்கள். மணியடித்து ஓயும் வரைக்கும் கைபேசியைப் பார்த்துக்கொண்டே இருப்பார். எடுக்கமாட்டார்.

இதில் கொடுமை என்னவென்றால், இந்த மனச்சோர்வு நோயைப் பற்றிப் படிப்பிப்பதுதான் என் வேலை. கொக்குவிலில் எங்கள் சபை மண்டபத்தில் சனிக்கிழமைகளில் உளவளத்துணை வகுப்பு எடுக்கிறேன். வீடு சந்திக்கப் போகிறவர்கள், ஞாயிறு பள்ளி ஆசிரியைகள் என்று சபையில் ஊழியம் செய்கிறவர்கள்தான் மாணவர்கள். இயேசு பிடிபடுவதற்கு முந்தி ஜெபித்த கெத்செமனே தோட்டத்திலிருந்துதான் தொடங்குவேன். ஆண்டவர் வியாகுலப்பட்ட நேரம் சீஷரிடம் புத்திமதி கேட்கவில்லை, கூட இருக்கும்படிதான் கேட்டார் என்பேன். ஆகையால் முதலில் பக்கத்தில் இருங்கள், வாயை மூடுங்கள். சாக நினைக்கிறாரோ என்று சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காமல் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இதை எத்தனை தரம் பலகையில் எழுதியிருப்பேன்!

வாயை மூடுவதுதான் எங்கள் ஆட்களுக்குக் கஷ்டம். அதிலும் சந்தியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிற செல்வதாசன் அண்ணை இருக்கிறாரே, அவருக்கு அது மகா கஷ்டம். வகுப்பில் ஒருவர் நோயாளியாக நடித்துப் பழகும்போது, அவர் "நித்திரை வருகுதில்லை" என்று சொல்லி முடிக்க முதலே அண்ணை ஒரு வசனம், ஒரு ஜெபம், ஒரு கசாயம் எல்லாம் சொல்லி முடித்திருப்பார். வகுப்பே சிரிக்கும். நான் தலையில் கை வைப்பேன்.

நேசனுக்கு இந்த வருத்தம் முதல் தரம் வந்தது சில வருடங்களுக்கு முன்பு. அப்போது ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் தந்த குளிசை எடுத்தார். சபை முழுக்க ஜெபித்தது. மெல்ல மெல்ல எழும்பினார். ஸ்தோத்திர ஆராதனையில் மைக்கைப் பிடித்து, கர்த்தர் தன்னைப் பூரணமாகச் சுகமாக்கினார் என்று சாட்சி சொன்னார். அது பொய்யில்லை. அன்றைக்கு அது உண்மைதான்.

அதற்குப் பிறகு எல்லாருக்கும் அந்தச் சாட்சி வேண்டியிருந்தது. புத்தூரில் வீட்டுக் கூட்டம், வல்வெட்டித்துறையில் உபவாசக் கூட்டம் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். குளிசையை நிறுத்து என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. சுகமென்று சாட்சி சொன்ன வாய் திரும்ப வருத்தம் என்று சொன்னால் கர்த்தருடைய நாமத்துக்கு இழுக்கு. எங்களுக்குள் அது எழுதாத சட்டம். அவர் எனக்கும் சொல்லாமல் குளிசையை விட்டுவிட்டார்.

நோய் திரும்பி வந்தபோதுதான் எனக்கு இது தெரியவந்தது. கிளினிக்குக்குப் போவோம் என்று கெஞ்சினேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"சாட்சி சொல்லிப்போட்டன் ரூபி. இனி எந்த முகத்தோட போறது?"

 படித்ததெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. சாக நினைக்கிறாரா என்று கேட்கும்படி மற்றவர்களுக்குப் படிப்பித்த நான் அதை அவரிடம் கேட்கவில்லை. அவர் ஓம் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? பயம். கேட்காமலே நாட்கள் போயின. சனிக்கிழமை வகுப்பில் கேளுங்கள், கேளுங்கள் என்று படிப்பித்துவிட்டு வீட்டுக்கு வந்து அவர் மூச்சு விடுகிறாரா என்று கதவோரம் நின்று பார்ப்பேன். என்னைப்போல் கையாலாகாதவள் இந்த உலகத்தில் இருந்திருக்கமாட்டாள்.

ஜெபமும் வரவில்லை. ஒரு நாள் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது, "ஆண்டவரே, எனக்கு ஏலாது. ஆரையாவது அனுப்பும்" என்றேன். அவ்வளவுதான். அழுகை வந்தது. மிச்சத் தேங்காயையும் துருவினேன்.

அடுத்த ஞாயிறு நேசன் ஆராதனைக்கு வந்தார். வராவிட்டால் ஏன் என்று கேட்பார்களே, அதற்காக வந்தார். சபைக்குப் புதிதாகச் சில குடும்பங்கள் வந்திருந்தன. போதகர் சந்தோஷமாக, நேசன் தம்பி அந்தச் சாட்சியை இன்னொரு தரம் சொல்லட்டும் என்றார்.  அவர் எழும்பி முன்னுக்குப் போனார். மைக்கை வாங்கிக்கொண்டு பேசாமல் நின்றார். ஆவியானவர் அசைவாடுகிறார் என்று நினைத்து யாரோ அல்லேலூயா சொன்னார்கள்.

"முந்திச் சொன்னது உண்மைதான்" என்றார் நேசன். "இப்ப அது திரும்பி வந்திட்டுது. எனக்குச் சுகமில்லை."

 போதகருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்போது செல்வதாசன் அண்ணை எழும்பினார். முடிந்தது கதை என்று நினைத்தேன். இப்போது பெரிய சத்தமாக ஜெபித்து, பிசாசைக் கடிந்து, என் மனுஷனை இன்னும் நொறுக்கப்போகிறார் என்று பயந்தேன். ஆனால் அண்ணை ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்து நேசனை இருத்தினார். இன்னொன்றை இழுத்துப் பக்கத்தில் தானும் இருந்தார். வாய் திறக்கவில்லை.  கனநேரம் அப்படியே இருந்தார்கள். பிறகு அண்ணை மெதுவாகத்தான் கேட்டார். நேசன் மடியில் மைக் இருந்தபடியால் எல்லாருக்கும் கேட்டது.

"தம்பி, சாகவேணும் எண்ட நினைப்பு வருகுதோ?"

"ஓம் அண்ணை. கன நாளா."

"சரி. நான் உம்மோடதான் இருக்கிறன். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவம்."

ஆராதனை முடிய முதலே அண்ணையின் கடை வான் வண்டியில் போனோம். வழி முழுக்க நான் அழுதேன். நேசனும் அழுதார். அவர் அழுது பார்த்து எத்தனை மாதம்!

ஆஸ்பத்திரியில் அவரை வாட்டில் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். போதகர் வந்து, அவரும் பேசாமல் பக்கத்தில் இருந்தார். இப்போது எங்கள் சபையில் சாட்சி நேரத்தில் எழும்பி, எனக்கு இன்னும் சுகம் வரவில்லை, ஜெபியுங்கள் என்று சொல்லலாம். சொல்கிறார்கள். அதற்கும் ஸ்தோத்திரம் சொல்கிறோம். நேசன் குளிசையை எல்லார் கண்ணிலும் படும்படி சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறார்.

பூரண சுகம் என்று என்னால் எழுத முடியாது. வேலைக்குப் போகிற நாட்களும் உண்டு, எழும்ப முடியாத நாட்களும் உண்டு. எழும்பாத நாட்களில் எனக்கு அதே பழைய பயம்தான். ஆனால் நான் ஆரையாவது அனுப்பும் என்று கேட்டேன், கர்த்தர் அனுப்பினார். உங்கள் வீட்டிலும் ஒருவர் சாட்சி சொல்லிவிட்டு உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கலாம். தயவுசெய்து கேளுங்கள். உங்களால் கேட்க முடியாவிட்டால், கேட்கக்கூடிய ஒருவரை அனுப்பும்படி கர்த்தரிடம் கேளுங்கள். அவரை நம்பலாம்.

இன்று காலை நேசன் எழும்பவில்லை. செல்வதாசன் அண்ணை கடையைத் திறக்காமல் வந்து கட்டிலடியில் கதிரை போட்டு இருக்கிறார். உள்ளே ஒரு பேச்சுச் சத்தமும் இல்லை. நான் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு மூன்று பேருக்கும் தேத்தண்ணீர் போடுகிறேன்.