தாயில்பட்டியில் இருபது குழாய் ரத்தம்

பட்டாசு வேலை செய்பவர்களிடம் ரத்த மாதிரி எடுக்க எப்படிப் போவது என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டு முறை போய் வந்த தைரியத்தில் எழுதுகிறேன். நான் மதுரையில் மூலக்கூறு மருத்துவம் முதுகலை, இரண்டாம் ஆண்டு. ("மருத்துவம்னா ஊசி போடுவியா?" என்று கேட்காத சொந்தக்காரர் இன்னும் பிறக்கவில்லை. போட மாட்டேன். ரத்தத்தைப் பார்த்தால் எனக்கே லேசாகத் தலை சுற்றும்.) பட்டாசு மருந்துத்தூளோடு புழங்குபவர்களின் செல்லுக்குள் டி.என்.ஏ. உடைகிறதா என்பது என் ஆய்வு. முதல் முறை கிளம்பும்போது, பட்டாசு வேலைக்குப் போகாத இருபது பெண்களின் ரத்தம் ஏற்கெனவே எடுத்தாகியிருந்தது. அடுத்து, வேலைக்குப் போகும் இருபது பேர் வேண்டியிருந்தது. ஆகஸ்டில் எடுக்காவிட்டால் ஆய்வேடு இல்லை, ஆய்வேடு இல்லாவிட்டால் பட்டம் இல்லை.

மாட்டுத்தாவணியில் காலை 11.15க்கு பஸ். 12.30க்கு விருதுநகர். இறங்கி எண்ணெய் புரோட்டா சாப்பிட்டேன். இரண்டோடு நிறுத்துங்கள், மூன்றாவது உங்களைத் தூங்கவைத்துவிடும். அங்கிருந்து சிவகாசி 27 கிலோமீட்டர், அடுத்த பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பஸ் செலவு மொத்தம் 85 ரூபாய். சிவகாசியில் கார் பிடித்தேன். தாயில்பட்டி போய், காத்திருந்து, மதுரையில் இறக்கிவிட 3,200 ரூபாய். ரத்தம் நான்கு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும் என்பதால் இதில் கஞ்சத்தனம் கூடாது.

"பெட்டியில என்னம்மா?" என்றார் டிரைவர்.

"ஐஸ்."

"திரும்பி வாரப்ப?"

"ரத்தம்."

இரண்டு கிலோமீட்டர் கண்ணாடியில் பெட்டியையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். பிறகு, "ஏசியைக் கூட்டி வைக்கட்டுமா?" என்றார்.

வழியெல்லாம் பொட்டல் காட்டில் பட்டாசு செய்யும் சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில். ஒன்றில் தீப்பிடித்தால் மற்றதற்குத் தாவக் கூடாது என்பதற்காக. அறைகளுக்கு வெளியே கண்ணில் பட்ட யாரும் நைலான் துணி உடுத்தவில்லை, யார் கையிலும் செல்போன் இல்லை. ஒரு பொறி போதும் என்பதால் இரண்டுக்கும் தடை. எங்கள் ஆய்வகத்தில் கையுறை போடச் சொல்லியே பேராசிரியருக்குத் தொண்டை கட்டிவிடும். இங்கே ஊரே விதிப்படி நடக்கிறது, பார்க்கப் பார்க்க மலைப்பாக இருந்தது.

காரின் மீட்டர்படி 19 கிலோமீட்டர். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையைக் கேட்டு வாங்கி வைத்திருந்தார் ஸ்டெல்லா அக்கா. ரத்தம் எடுக்கப் போகிற உள்ளூர் நர்ஸ் அவர்தான். 5.20க்குக் கம்பெனி வேன் வந்து நின்றது. சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்ட பெண்கள் இறங்கினார்கள். நகக்கண்ணில் வெள்ளி நிறத் தூள். முதலில் வந்து உட்கார்ந்தவள் முத்துமாரி. ராக்கெட் செக்‌ஷன், என்னைவிட இரண்டு வயது சின்னவள். கைபேசியில் இருந்த படத்தைக் காட்டி விளக்க ஆரம்பித்தேன்.

"இது என்னக்கா, ராக்கெட்டா?"

"ஒரு ரத்த செல். டி.என்.ஏ. உடைஞ்சா இப்படி வால் விடும்."

"வாலு நீளமா இருந்தா நல்லதுதான? எங்க ராக்கெட்டு அப்படித்தான்."

"இல்லம்மா. நீளமா இருந்தா உடைசல் ஜாஸ்தி."

படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "அப்ப என் வாலு எம்புட்டு நீளம்னு சொல்லுவீகளா?"

தனித்தனியாக முடிவு சொல்லக் கூடாது என்று ஒப்புதல் படிவத்திலேயே இருக்கிறது. அதைப் படித்துக் காட்டினேன். அவள் சுருட்டியிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டாள். "எங்க ரத்தத்த வாங்கிட்டு எங்களுக்கே சொல்ல மாட்டீகளா?" பின்னால் நின்ற பத்தொன்பது பேரும் சட்டைக் கையை இறக்கிவிட்டார்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. பெட்டியில் ஐஸ் கரைகிறது, கூடவே என் பட்டமும். ஸ்டெல்லா அக்காதான் காதருகே, "மொகத்தத் தூக்காதீக. ஏன் சொல்ல முடியாதுன்னு சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். "ஒருத்தர் வாலை மட்டும் வச்சு ஒண்ணும் தெரியாதும்மா. காய்ச்சல் வந்திருந்தாக்கூட நீளும். இருபது பேரைச் சேர்த்துப் பார்த்தாத்தான் விஷயம் புரியும்."

முத்துமாரி யோசித்தாள். "லோடு போகுமுன்ன நாங்களும் அப்படித்தான். ஒத்த ராக்கெட்டு சாஞ்சு போச்சுன்னா லோடே மோசம்னு சொல்ல மாட்டோம். இருவது விட்டுப் பாத்தாத் தெரிஞ்சுரும்."

புள்ளியியலில் ஒரு அரியர் வைத்துத் தேறியவள் நான். அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள்.

"சரி. இருவது பேருக்கும் சேத்து என்னன்னு இங்கன வந்து சொல்லணும். புத்தகத்துல போடுறதுக்கு முன்ன."

வாக்குக் கொடுத்தேன். சட்டைக் கைகள் ஏறின. 6.45க்கு இருபது குழாயும் பெட்டிக்குள், 8.50க்கு ஆய்வகம்.

நவம்பரில், தீபாவளி கழிந்த இரண்டாவது ஞாயிறு, மறுபடி போனேன். இருபது பேரும் வந்திருந்தார்கள். உங்கள் வால், இந்த வேலைக்குப் போகாதவர்களின் வாலைவிட நீளம் என்று சொன்னேன். யாரும் அழவில்லை. முத்துமாரிதான் பேசினாள்.

"அது சீசன்ல எடுத்தது. இப்ப கம்பெனி லீவு. மருந்தத் தொட்டு ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. வாலு கொறஞ்சிருக்குமாக்கா?"

விட்டு விலகினால் உடைசல் சரியாகிறதா? நானோ என் பேராசிரியரோ இந்தக் கேள்வியை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அவள் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி மேசைமேல் நீட்டிவிட்டாள். "எடுங்க. புதன்கெழம கம்பெனி தெறக்குது."

என்னிடம் ஊசியும் இல்லை, அனுமதியும் இல்லை. அனுமதி தர வேண்டிய நெறிமுறைக் குழு கூடியபோது கம்பெனி திறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது; எல்லோரும் மறுபடி மருந்தைத் தொட்டாகிவிட்டது.

போகப் போகிறவர்களுக்கு: சீசனில் மாலை ஐந்துக்கு முன் யாரும் வேலையை விட்டு வர மாட்டார்கள். ஐஸை இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலைக்குள் போகக் கேட்காதீர்கள். உள்ளூர் நர்ஸ் இல்லாமல் கிளம்பாதீர்கள். முக்கியமாக, சீசனில் ஒரு முறை, லீவில் ஒரு முறை என்று அனுமதியைச் சேர்த்தே வாங்குங்கள். அடுத்த தீபாவளி லீவுக்கு நான் இப்போதே வாங்கிவிட்டேன், படிப்பு அதற்கு முன்பே முடிந்துவிடும் என்றாலும். என் ஆய்வேட்டில் 'இனி செய்ய வேண்டியவை' என்ற பக்கத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. அதற்குக் கீழே, "இதைக் கேட்டவர் ராக்கெட் செய்யும் தொழிலாளி ஒருவர்" என்று எழுதியிருக்கிறேன்.